குழந்தை இல்லையா? முதல் பரிசோதனை ஆணுக்கும் வேண்டும்
ஆண் கருவளக் குறைபாடு: காரணங்களும் சிகிச்சைகளும்

திருமணமாகி ஒரு வருடம் கழிந்தால் எங்கள் ஊர்களில் கேள்வி தொடங்கிவிடும். "ஏதும் விசேஷம் உண்டோ?" என்று கேட்பவர்கள் பெண்ணைப் பார்த்துத்தான் கேட்பார்கள். இரண்டாம் வருடத்தில் விரதம், நேர்த்தி, சாத்திரம் என்று போகும். மூன்றாம் வருடத்தில் பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போவார்கள். இரத்தப் பரிசோதனை, ஸ்கான், கருக்குழாய்ப் பரிசோதனை, குளிசைகள் என்று அவளுடைய கிளினிக் கொப்பி தடித்துக்கொண்டே போகும். பல கொப்பிகளில் கணவனுடைய பரிசோதனை அறிக்கை ஒன்றுகூட இருப்பதில்லை.

இந்த வரிசை தலைகீழானது. ஆணுக்குச் செய்யப்படும் விந்துப் பரிசோதனை வலியில்லாதது. ஊசி, மயக்கமருந்து எதுவும் தேவையில்லை. பெண்ணுக்குச் செய்யப்படும் பல பரிசோதனைகளுடன் ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு. இவ்வளவு இலகுவான பரிசோதனை கடைசியாகச் செய்யப்படுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. வெட்கமும் பயமும்தான் காரணம்.

இந்தத் தாமதத்துக்கான விலையைக் கொடுப்பவள் பெண். ஆணின் உடலில் விந்தணு வாழ்நாள் முழுவதும் உற்பத்தியாகும். பெண்ணின் கருமுட்டைகளோ அவள் பிறக்கும்போதே எண்ணி வைக்கப்பட்டவை. 35 வயதுக்குப் பின்னர் அவை எண்ணிக்கையிலும் தரத்திலும் வேகமாகக் குறைகின்றன. இடப்பெயர்வு, முகாம் வாழ்க்கை, தடுப்பு, காணாமல் போனவர்களைத் தேடிய வருடங்கள், வீட்டுச் சுமை என்று ஏற்கனவே பல வருடங்களை இழந்து பிந்தித் திருமணம் செய்தவர்கள் எங்கள் மத்தியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் மூன்று வருடங்களை வீணாக்க முடியாது.

யாருடைய குறை?

பாதுகாப்பு முறை எதுவும் பாவிக்காமல், ஒழுங்கான தாம்பத்திய உறவு இருந்தும் 12 மாதங்களுக்குள் கருத்தரிக்காவிட்டால் அதைக் கருவளக் குறைபாடு என்று மருத்துவம் சொல்கிறது. மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதங்களுக்கு மேல் காத்திருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நிலையை எதிர்கொள்கிறார். எனவே இது எந்த ஒரு குடும்பத்துக்கும் வந்த சாபமல்ல.

குழந்தை இல்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம். வேறு சிலரிடம் இருவரிலும் சிறு சிறு குறைகள் சேர்ந்து கருத்தரிப்பதைத் தடுக்கின்றன. ஆகவே ஒருவரைப் பரிசோதித்து முடித்த பின்னர் மற்றவரைப் பார்ப்போம் என்பது பிழையான வழி. இருவரையும் ஒரே காலத்தில் பரிசோதிக்க வேண்டும்.

இன்னுமொரு விடயம். கட்டாரிலோ டுபாயிலோ வேலை செய்துகொண்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத விடுமுறையில் வரும் கணவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதவிடாய்ச் சுற்றில் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறு மட்டுமே. திருமணமாகி ஐந்து வருடம் என்று ஊர் கணக்குப் பார்க்கும். உண்மையில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது சில மாதங்களாக மட்டுமே இருக்கலாம். அங்கே குறைபாடு என்று எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

ஆண்மை வேறு, கருவளம் வேறு

பரிசோதனைக்கு ஆண்கள் மறுப்பதற்கு முக்கிய காரணம், "எனக்கு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்ற நம்பிக்கை. தாம்பத்திய உறவில் எந்தக் குறையும் இல்லாத, நல்ல உடற்கட்டுள்ள ஆணின் விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாமல் இருக்கலாம். வெளியேறும் திரவத்தில் விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. மிகுதி எல்லாம் விந்துப் பைகளும் புரோஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். எனவே நிறத்தையும் அளவையும் பார்த்து எவராலும் எதையும் சொல்ல முடியாது. ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்தவருக்கும் விந்து முன்பு போலவே வெளியேறும். அதில் விந்தணு மட்டும் இருக்காது.

மறுபுறமாக, விறைப்புத்தன்மையில் சிக்கல் உள்ள ஆணுக்கு விந்தணு உற்பத்தி முற்றிலும் சரியாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். இரண்டுக்கும் வேறு வேறு சிகிச்சைகள்.

இளவயதில் சுயஇன்பம் செய்ததால் விந்து வற்றிவிட்டது, இரவில் தானாக வெளியேறியதால் பலம் போய்விட்டது என்று பயந்து வாழ்பவர்களும் உண்டு. இவற்றுக்கு எந்த மருத்துவ அடிப்படையும் இல்லை. ஆரோக்கியமான விதைகள் நாளொன்றுக்குப் பல கோடி விந்தணுக்களை உற்பத்தி செய்தபடியே இருக்கின்றன.

விந்தணு உருவாகும் விதம்

விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. விந்தணு உருவாக உடலின் சாதாரண வெப்பநிலையைவிட 2 முதல் 4 பாகை செல்சியஸ் குறைவான வெப்பம் தேவை. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அனுப்பும் இரண்டு ஹோர்மோன்கள் விதைகளை இயக்குகின்றன. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 70 நாட்கள் எடுக்கும். பின்னர் விதைக்குப் பின்னாலுள்ள சுருண்ட குழாயில் தங்கி, நீந்தும் திறனைப் பெற இன்னும் ஒன்று இரண்டு வாரங்கள் எடுக்கும்.

ஆக மொத்தம் ஏறக்குறைய மூன்று மாதங்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள். இன்று எடுக்கும் விந்துப் பரிசோதனை, மூன்று மாதங்களுக்கு முன்னர் உங்கள் உடல் இருந்த நிலையைத்தான் காட்டும். அந்தக் காலத்தில் டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை தற்காலிகமாகக் குறைந்திருக்கலாம். அதேபோல இன்று புகைப்பதை நிறுத்தினாலோ சிகிச்சை தொடங்கினாலோ அதன் பலன் தெரிய மூன்று மாதங்களாவது வேண்டும். இரண்டு கிழமை மருந்து எடுத்துவிட்டுப் பலனில்லை என்று வைத்தியரை மாற்றுவதில் பயனில்லை.

பரிசோதனையை எப்படிச் செய்வது?

பரிசோதனைக்கு முன்னர் குறைந்தது 2 நாட்களும் கூடியது 7 நாட்களும் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். ஆய்வுகூடம் தரும் சுத்தமான போத்தலில் முழுவதையும் சேகரிக்க வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணுக்கள் அதிகம் என்பதால், அது தவறிப்போனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சவர்க்காரம், எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் பாவிக்கக் கூடாது. அவை விந்தணுக்களைக் கொல்லக்கூடியவை.

வீட்டில் சேகரித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள், உடல் வெப்பத்தோடு ஒட்டி வைத்தபடி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோனால் அந்த அறிக்கையை நம்ப முடியாது. தூரத்தில் இருப்பவர்கள் ஆய்வுகூடத்திலேயே தனியறை உண்டா என்று முன்கூட்டிக் கேட்டு அங்கேயே சேகரிப்பதுதான் சரி.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, கீழ் எல்லைகள் இவை: விந்தின் அளவு 1.4 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றரில் 160 இலட்சம் விந்தணுக்கள், மொத்தமாக 390 இலட்சம், அசையும் விந்தணுக்கள் 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவமுள்ளவை 4 சதவீதம்.

வடிவம் 4 சதவீதம் என்று அறிக்கையில் பார்த்து மனமுடைந்து போகிறவர்கள் உண்டு. அது இயல்பின் எல்லைக்குள் உள்ள அளவுதான். இந்த எல்லைகள் இயற்கையாகத் தந்தையானவர்களை அளந்து வகுக்கப்பட்டவை. அந்தத் தந்தையரில் 100 இல் 5 பேர் இந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தார்கள். எனவே எல்லைக்குக் கீழே இருப்பது குழந்தையே பிறக்காது என்ற தீர்ப்பாகாது. ஒரு அறிக்கை பிழைத்தால், சில வாரங்கள் கழித்து இரண்டாவது முறையும் செய்து பார்த்த பின்னரே வைத்தியர் முடிவுக்கு வருவார்.

காரணங்கள் என்ன?

விதைப்பையிலுள்ள நாளங்கள் புடைத்து வீங்குவது, கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணங்களில் முதன்மையானது. இதை வெரிகோசீல் என்பார்கள். காலில் நரம்பு சுருண்டு புடைப்பதைப் போன்றது இது. பெரும்பாலும் இடது பக்கத்தில் வரும். நின்றுகொண்டு தொட்டுப் பார்த்தால் புழுக்கள் சுருண்டு கிடப்பது போலத் தெரியும். இரத்தம் தேங்குவதால் விதையின் வெப்பம் கூடுகிறது. எல்லா ஆண்களையும் எடுத்தால் 100 இல் 15 பேருக்கு இது உண்டு; அவர்களில் பெரும்பாலானோருக்குக் குழந்தைகளும் உண்டு. கருவளக் குறைபாடுள்ள ஆண்களை எடுத்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் இது காணப்படுகிறது.

அடுத்தது தொற்றுநோய்கள். கூகைக்கட்டு சிறுவயதில் வந்தால் விதைகளைப் பொதுவாகப் பாதிக்காது. பருவமடைந்த பின்னர் வந்தால் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு விதை வீக்கம் ஏற்படும். அதன் பின்னர் விதை சுருங்கிப் போகலாம். இலங்கையில் கூகைக்கட்டுக்கு எதிரான தடுப்பு மருந்து 2011 இல்தான் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. எனவே யுத்த காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. முகாமிலோ இடம்பெயர்ந்த இடத்திலோ வளரிளம் வயதில் கூகைக்கட்டோடு விதையும் வீங்கியிருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். பாலியல் உறவால் தொற்றும் நோய்களும் காசநோயும் விந்து செல்லும் குழாய்களை அடைத்துவிடக் கூடியவை.

பிறக்கும்போது விதை வயிற்றுக்குள்ளோ அரையிலோ தங்கிவிடுவது இன்னொரு காரணம். ஆறு மாதத்துக்குப் பின்னரும் அது கீழே இறங்காவிட்டால், ஒன்றரை வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்து இறக்கிவிட வேண்டும். பிந்தினால் விதை பழுதடையும். பிற்காலத்தில் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடும். ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது இரண்டு விதைகளும் இருக்கின்றனவா என்று தாய்மார் பார்ப்பது நல்லது.

சிலருக்கு நிறமூர்த்தங்களில் மாற்றம் இருக்கும். ஆண்களில் ஏறக்குறைய 600 பேரில் ஒருவர் ஒரு மேலதிக எக்ஸ் நிறமூர்த்தத்தோடு பிறக்கிறார். பலர் குழந்தைக்காகப் பரிசோதிக்கும் வரை இதை அறியமாட்டார்கள்.

நாமே வரவழைத்துக்கொள்ளும் காரணங்களும் உண்டு. புகைத்தல், கசிப்பு உட்பட அளவுமீறிய மது, கஞ்சா, உடற்பருமன் ஆகியவை விந்தணுவின் எண்ணிக்கையையும் தரத்தையும் குறைக்கின்றன. வெதுப்பகப் போறணை போன்ற கடும் வெப்பத்தின் முன்னால் நாள்முழுவதும் வேலை செய்வதும் பாதிக்கலாம். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு நரம்புகளைப் பாதித்து, விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகச் செய்யும்.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: உடற்பயிற்சி நிலையங்களில் தசை வளர்வதற்கென்று போடப்படும் டெஸ்டோஸ்டெரோன், ஸ்டீரோய்ட் ஊசிகள். வெளியிலிருந்து ஆண் ஹோர்மோன் வந்தவுடன் கபச்சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். விதைகள் சுருங்கி, விந்தணு எண்ணிக்கை பூச்சியத்துக்கே போகலாம். ஊசியை நிறுத்திய பின்னரும் பழைய நிலைக்கு வர ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும். கருவளம் வேண்டுபவருக்கு "ஆண்மைக்கு" என்று சொல்லி டெஸ்டோஸ்டெரோன் ஊசி போடுவது நேர்மாறான விளைவைத் தரும்.

தோட்டம் செய்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம் பாடமாகும். 1977 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டி.பி.சி.பி. என்ற விவசாய இரசாயனத்தைத் தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறப்பதில்லை என்பதைத் தமக்குள் பேசிக் கண்டுகொண்டார்கள். பரிசோதித்தபோது பலருடைய விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாக, சிலருக்குப் பூச்சியமாக இருந்தது. பின்னர் அந்த இரசாயனம் அங்கே தடை செய்யப்பட்டது. எல்லாப் பூச்சிநாசினிகளும் அதைப் போன்றவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு மருந்து அடிப்பதும், கசியும் தாங்கியை முதுகில் சுமந்து நனைந்த உடுப்போடு நாள்முழுவதும் நிற்பதும் தவிர்க்க வேண்டியவை. நீளக் கைச்சட்டை, காற்சட்டை, கையுறை அணியுங்கள். முடிந்தவுடன் குளித்து உடுப்பை மாற்றுங்கள்.

போர் விட்டுச்சென்ற காயங்கள்

ஷெல் வீச்சிலும் துப்பாக்கிச் சூட்டிலும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாமல் வாழும் ஆண்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திருமணமும் குழந்தையும் முடிந்த கதை என்று உறவினர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. இவர்களில் பெரும்பாலானோரின் விதைகள் தொடர்ந்தும் விந்தணுவை உற்பத்தி செய்கின்றன. அதன் நீந்தும் திறன் குறைவாக இருப்பதும், இயல்பாக வெளியேற்ற முடியாதிருப்பதும்தான் சிக்கல். அதிர்வு தரும் மருத்துவக் கருவி மூலமும், சிறு மின்தூண்டல் மூலமும், தேவைப்பட்டால் ஊசியால் விதையிலிருந்து நேரடியாகவும் விந்தணுவை எடுக்கும் முறைகள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளென்பிலோ அதற்கு மேலோ காயப்பட்டவர்களுக்கு, இப்படித் தூண்டும்போது இரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கடும் தலையிடி, முகம் சிவத்தல், வியர்வை ஆகியவை அதன் அறிகுறிகள். எனவே முதல் முயற்சியை வைத்தியசாலையில், வைத்தியரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

விதைப்பகுதியில் நேரடியாகக் காயப்பட்டவர்களும் உண்டு. ஒரு விதை மட்டும் நல்ல நிலையில் இருந்தாலும் தந்தையாவதற்கு அது போதுமானது. உடலில் ஷெல் துண்டுகள் இருப்பவர்களுக்கு விதைப்பையை அல்ட்ரா சவுண்ட் ஸ்கான் செய்வதால் ஆபத்தில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்றால் மட்டும் துண்டு இருப்பதை முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும்.

தடுப்பில் இருந்தபோது பாலியல் ரீதியாகச் சித்திரவதை செய்யப்பட்ட ஆண்களைப் பற்றி எங்கள் சமூகம் பேசுவதே இல்லை. 2015 இல் வெளியான ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை, பெண்கள் மீது மட்டுமல்லாமல் ஆண்கள் மீதும் அது நடந்ததைப் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் சிலருக்கு உடற்காயம் இருக்கும். சிலருக்கு உடல் சரியாகவே இருந்தும், தாம்பத்திய உறவின்போது பழைய நினைவுகள் வந்து உடல் ஒத்துழைக்காது. இது பயங்கரத்தைக் கண்ட மனதின் இயல்பான எதிர்வினை. இதற்கு உளவளச் சிகிச்சை உண்டு. நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "அந்த இடத்தில் அடிபட்டது" என்று மட்டும் வைத்தியரிடம் சொன்னாலும் பரிசோதனையைத் தொடங்கலாம்.

மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, சில மருந்துகளால் ஆசை குறைவதும் விந்து வெளியேறுவது பிந்துவதும் உண்டு. அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

சிகிச்சைகள்

காரணத்தைப் பொறுத்தே சிகிச்சை. வெரிகோசீல் தொட்டு உணரக்கூடிய அளவில் இருந்து, விந்து அறிக்கையும் குறைவாக இருந்தால் சத்திரசிகிச்சை பலன் தரும். முன்னேற்றம் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் எடுக்கும். ஸ்கானில் மட்டும் தெரியும் சிறிய புடைப்புக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை. தொற்று இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்படும். கபச்சுரப்பியின் ஹோர்மோன் குறைவென்றால் அதை ஊசியாகக் கொடுக்கலாம். மருந்தால் மிக நன்றாகச் சரியாகும் வகை இதுதான். பல மாதங்கள் தொடர வேண்டும்.

அறிக்கையில் "அசூஸ்பேர்மியா" என்று இருந்தால் விந்தில் விந்தணுவே இல்லை என்று பொருள். அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, விதையில் உற்பத்தி நடந்தும் குழாய் அடைபட்டிருப்பது. மற்றையது, உற்பத்தியே இல்லாதது அல்லது மிகக் குறைவானது. விதையின் பருமனையும் ஹோர்மோன் இரத்தப் பரிசோதனையையும் வைத்து வைத்தியர் இவற்றைப் பிரித்தறிவார். அடைப்பு என்றால் விந்தணுவை ஊசியால் எடுத்துவிட முடியும். உற்பத்திக் குறைவு என்றாலும் சிலருக்கு நுண்ணோக்கியின் உதவியோடு விதைக்குள் தேடி எடுக்க முடிகிறது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

எண்ணிக்கை ஓரளவு குறைவாக இருந்தால், விந்தைக் கழுவித் திறனுள்ள விந்தணுக்களைப் பிரித்துக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறை உண்டு. மிகக் குறைவாக இருந்தால் இக்சி என்ற முறை. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவை உருவாக்கிப் பின்னர் கருப்பையில் வைப்பார்கள். பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகர வைத்தியர்கள் இந்த முறையில் கருத்தரிப்பு நிகழ்ந்ததை 1992 இல் அறிவித்தார்கள். அதுவரை தந்தையாக வாய்ப்பே இல்லை என்று சொல்லப்பட்ட பலருக்கு அது வழி திறந்தது. ஆனால் இக்சியிலும் வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பது மனைவியின் வயதுதான். ஆணின் பரிசோதனையைப் பிற்போடக் கூடாது என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றவோ கதிர்ச்சிகிச்சை எடுக்கவோ இருக்கும் இளைஞர்கள், தொடங்குவதற்கு முன்னரே விந்தணுவை உறைநிலையில் சேமிக்க முடியுமா என்று கேட்க வேண்டும். பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன்

"ஆண்மைக் குறைவா? ஒரே மாதத்தில் தீர்வு" என்ற விளம்பரங்கள் பத்திரிகையிலும் முகநூலிலும் நிறைந்திருக்கின்றன. விந்துப் பரிசோதனை எதுவும் செய்யாமல் முதல் நாளே மருந்துப் பொதியை நீட்டுபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். விலை கூடிய விற்றமின் பொதிகளும் அப்படித்தான். அமெரிக்காவில் 2370 தம்பதியரிடம் நடத்தி 2020 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஆண்களுக்குத் துத்தநாகமும் போலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்ததால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை என்று தெரியவந்தது.

ஐ.வி.எப்., இக்சி போன்றவற்றுக்குத் தனியார் நிலையங்களில் பெருந்தொகை செலவாகும். நகையை அடகு வைத்தோ, காணியை ஈடு வைத்தோ, நுண்கடன் எடுத்தோ போவதற்கு முன்னர் சில கேள்விகளைக் கேளுங்கள். எங்களுடைய பிரச்சினை என்ன? இந்தச் சிகிச்சையைவிட எளிமையான வழி உண்டா? என் மனைவியின் வயதில் உள்ளவர்களுக்கு இந்த நிலையத்தில் 100 முயற்சியில் எத்தனை குழந்தைகள் பிறந்திருக்கின்றன? சொன்ன தொகைக்குள் மருந்துச் செலவும் அடங்குமா? முதல் முயற்சி தவறினால் அடுத்ததற்கு எவ்வளவு? கர்ப்பம் தரித்த எண்ணிக்கையைச் சொன்னால் போதாது. குழந்தை பிறந்த எண்ணிக்கையைக் கேளுங்கள். வேறொருவரின் விந்தணுவைப் பயன்படுத்துவதென்றால், இருவருக்கும் தெரிந்து, இருவரும் எழுத்தில் சம்மதித்த பின்னர் மட்டுமே செய்ய வேண்டும்.

எங்கே தொடங்குவது?

உங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரிடம் தொடங்கலாம். குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதியரைப் பதிவு செய்து வைத்திருப்பதும் அவரது கடமைதான். அவரோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோ உங்களை ஆதார அல்லது மாவட்ட வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்து போங்கள். ஆணுக்கு மேலதிக பரிசோதனை தேவைப்பட்டால் சிறுநீர்ப்பாதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். பழைய அறிக்கைகள், எடுக்கும் மருந்துகள், சிறுவயதில் வந்த நோய்கள், பட்ட காயங்கள், செய்த சத்திரசிகிச்சைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு உதவியாக இருக்கும்.

காத்திருக்கும் காலத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை உறவு கொள்வது போதுமானது. புகைப்பதை நிறுத்துங்கள். மதுவைத் தவிருங்கள். நீரிழிவையும் உடல் எடையையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். மனைவி போலிக் அமிலக் குளிசையைத் தொடங்க வேண்டும். அது பிறக்கப்போகும் குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதற்கானது.

எல்லா முயற்சிகளுக்குப் பின்னரும் குழந்தை கிடைக்காத தம்பதியர் இருப்பார்கள். தத்தெடுப்பதற்கு இலங்கையில் 1941 ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ஊடாக, நீதிமன்றத்தின் கட்டளையோடு அதைச் செய்யலாம். தரகர்கள் மூலம் இரகசியமாகக் குழந்தை பெறுவது குற்றம், குழந்தைக்கும் ஆபத்து.

மாமியார், மாமனார், அயலவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலடி என்ற சொல்லுக்கு மலடன் என்ற ஆண்பாலும் தமிழில் உண்டு. இரண்டுமே ஒரு நோய்நிலையை வசவாக்கும் சொற்கள். இரண்டையும் விட்டுவிடுவோம். மருமகளைக் கிளினிக்குக்கு அனுப்பும் நாளில் மகனையும் கூட அனுப்புங்கள். அந்த ஒரு பரிசோதனையில் அவருக்குக் குறையில்லை என்று தெரிந்தால் வைத்தியர் மற்ற வழிகளில் கவனம் செலுத்தலாம். குறை இருக்கிறது என்று தெரிந்தால் சிகிச்சையைத் தொடங்கலாம். இரண்டில் எது நடந்தாலும் அந்தப் பெண்ணின் வருடங்கள் வீணாகாது.